பச்சை மூடி பாட்டிலில் ஏழாவது நெல்

மேட்டூர் அணை வற்றி, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிற கல் நந்தி, பாதம் வரைக்கும் வெளியே தெரிந்த வருஷம் அது, சாமி. ஜனங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கலர் டிவி வந்ததும், நம் செவலைப் பசு இரட்டைக் கன்று போட்டதும் அதே வருஷம்தான். நீ உன் அம்மா வயிற்றில் ஏழு மாசம். எந்த வருஷம் என்று நம்பரில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வருஷம் நான் செய்த ஒன்றை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் செய்த ஒன்றையும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே தப்பு. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை போதமலை அடிவாரத்தில் உன் போர்வெல் ரிக் வண்டி ஓட்டை போடக் கூடாது. அங்கே உதிரிக் கல் வரும் ஆழம் என்று நான் சொன்னது பொய். மறதியில் சொன்னது இல்லை. தெரிந்தே சொன்னேன்.

இதை நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார். அவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தில் எனக்குப் பங்கும் இருக்கிறது. நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்கள் திணறுவார்கள் என்று அவரே புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்தி எழுதுகிறார். நீ படித்து முடித்ததும் இதை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாதே. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், ஒவ்வொரு ரிக்கிலும் போகிற ஆட்களுக்கும், சமையல்காரருக்கும்கூட சத்தமாகப் படித்துக் காட்டு. அப்பன் மானம் போகுமே என்று பார்க்காதே. அது போனால் யாருக்கும் விரல் போகாது.

அந்தப் பாட்டில்களைப் பற்றி உனக்குத் தெரியும், உன் ஆட்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். நான் டிரில்லராக இருந்த காலத்தில் ஒவ்வொரு போருக்கும் ஓர் ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தேன். துளைக்குள் இறக்குகிற இரும்பு ராடு ஒன்று இருபது அடி. ஒரு ராடு இறங்கினதும், மேலே ஊதி வருகிற தூளில் ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு நெல் உயரத்துக்குப் பாட்டிலில் போடுவேன். அடுத்த ராடுக்கு அதன் மேல் இன்னொரு நெல். முதல் நெல் செம்மண், இரண்டாவது சரளை, அப்புறம் கருங்கல், நடுவில் வெள்ளைக்கல், எங்கேயாவது மஞ்சளாக உதிரி. போர் முடியும்போது அந்தப் பூமி முழுக்கத் தலைகீழாகப் பாட்டிலுக்குள் நிற்கும். பாட்டிலின் மேல் எந்த எழுத்தும் கிடையாது. மூடியின் நிறம், வாயில் சில்லு போன இடம், கழுத்தில் கட்டிய நூல், இவற்றை வைத்து எது எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பெருமையில்தான் முப்பது வருஷம் ஓடினேன்.

அந்த வறட்சி வருஷத்தில் எங்கள் முதலாளிக்கு நாலு ரிக். நான் இருந்த வண்டியில் ஐந்து பேர். நான் டிரில்லர். சவரிமுத்து கம்ப்ரசர் பார்ப்பவன், தேவைப்பட்டால் டிரில்லும் ஓட்டுவான். குப்புசாமி டிரைவர், செல்லமுத்து ராடு தூக்குபவன், பழனி சமையல். ஊர் ஊராகத் தண்ணீர் கேட்டு ஆள் வந்து நின்றார்கள், நாங்களும் ஓடிக்கொண்டே இருந்தோம். நாலு ரிக்கும் சங்ககிரி ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து பீடி குடிப்போம். எங்கே எத்தனை இஞ்ச் தண்ணீர் வந்தது என்று நாலு வண்டிக்காரனும் சத்தம் போட்டுச் சொல்வான். எங்கே அடியில் கல்லை உடைக்கிற ஹேமர் மாட்டிக்கொண்டது, எங்கே போர் வீணாகிப் போனது என்பதை ஒருத்தனும் வாய் திறந்து சொல்ல மாட்டான். சொன்னால் முதலாளி அவனைத்தான் முறைப்பார். அதனால், கல் உதிர்ந்து ஹேமரைப் பிடித்துக்கொள்கிற ஒரே உதிரி அடுக்கில் நாலு ரிக்கும் தனித்தனியாகப் போய் மாட்டின. நாலு பேரும் தனித்தனியாக மறைத்தோம். போதமலை அடிவாரத்தில் அப்படி ஓர் அடுக்கு இருப்பது எனக்குத் தெரியும். முந்தின வருஷம் வேறொரு ரிக்கில் இருந்தபோது, ஏழாவது ராடில் நானே மாட்டி, ஒரு நாள் முழுக்கப் போராடி ஹேமரை மீட்டிருந்தேன். அந்தப் பாட்டில்தான் வாயில் சில்லு போன பச்சை மூடி.

சவரிமுத்து சேலத்துக்காரன், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், பத்தாவது வரை படித்தவன். ஷெட்டில் என் பாட்டில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி வந்தான். “நீ சொல்லு, நான் எழுதறேன். நாலு வண்டிக்கும் ஆளுக்கொரு நோட்டு போட்டுக் குடுத்துடலாம்” என்றான். எங்கே உதிரும் என்று முன்னாலேயே தெரிந்தால், அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, சிமெண்டுப் பால் ஊற்றி இறுகவிட்டு, மறுபடி துளைத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனையும் வைத்திருந்தான். அப்போது இந்தப் பக்கம் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. நான் சிரித்தேன். “எழுதிக் குடுத்துட்டு நான் ஊட்டுக்குப் போயி எருமை மேய்க்கறதா?” என்றேன். விளையாட்டாகச் சொன்ன மாதிரி சொன்னேன். உள்ளுக்குள் அது விளையாட்டில்லை. நோட்டில் ஏறிவிட்டால், படிக்கத் தெரிந்த யாரும் நானாகிவிடலாம். படிக்கத் தெரியாத நான் மட்டும் ஒன்றுமில்லாமல் போவேன். அந்தப் பயத்தை அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, உன் அம்மா வழியில் பரமத்தியில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் லீவு கேட்டேன். “போயிட்டு வா. சவரி இருக்கான், போதும்” என்றார் முதலாளி. அந்த ஒரு வார்த்தை எனக்குத் தைத்துவிட்டது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சவரி வந்து, நாளைக்குப் போதமலைப் பக்கம் வண்டி போகிறது, அங்கே பூமி எப்படி என்று கேட்டான். ஏழாவது ராடு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். “போய்ப் பாரு, தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஏழாவது ராடில் ஹேமர் மாட்டியது. இழுத்துப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, ராடைக் கழற்ற ஸ்பானர் போட்டிருக்கிறார்கள். சவரியின் வலது கை ஸ்பானரில் இருந்தபோது, அடியில் கல் விலகி ராடு திடீரென்று சுழன்றுவிட்டது. சுட்டு விரலும் நடு விரலும் போயின. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். குப்புசாமி ஆள் அனுப்பினான். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையைத் துணியில் சுற்றித் தலைக்கு மேல் கட்டியிருந்தார்கள். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “உனக்கு முன்னமே தெரியுமா?” நான், தெரியாது என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கப்புறம் அவன் ரிக்குக்கு வரவில்லை, நானும் அவனைத் தேடிப் போகவில்லை. அவனுடைய சிமெண்டுப் பால் யோசனையும் அவனோடு போனது. பல வருஷம் கழித்து வேறு ஊர் ஆட்கள் அதைச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, புதுசாக எவனோ கண்டுபிடித்தான் என்று நம் ஷெட்டில் வாயைப் பிளந்தார்கள். நம் ஷெட்டிலேயே பிறந்து, பேச இடமில்லாமல் செத்த யோசனை அது.

அப்போதும் நான் திருந்தவில்லை. நீ பத்தாவது படிக்கும்போது, ஒரு மத்தியானம் நல்ல மனசில் இருந்த நேரம் பார்த்து, என்னைப் பேச வைத்து, பதினோரு பாட்டிலில் ஊர்ப் பேர் எழுதிக் காகிதம் ஒட்டினாய். உனக்கு எவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு. நீ ஸ்கூலுக்குப் போன பின்னால் நான் அண்டாவில் தண்ணீர் வைத்து, பதினோரு காகிதத்தையும் ஊறப்போட்டு உரித்தேன். ஈரத்தில் தானாகக் கழன்றுவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். உன் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். “எழுதத் தெரிஞ்சவன் ஒருத்தன் ஊட்டுல வளர்ந்தா உங்களுக்கு அத்தனை பயமாங்க?” என்றாள். நான் அண்டாத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டப் போனேன். மறுபடி கேட்க இப்போது அவளும் இல்லை.

அவள் போன பின்னால் வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது, சாமி. காலையில் பால்காரர் “ஏனுங்க” என்று கூப்பிடுவதும், பக்கத்துத் தறிக்கொட்டகைச் சத்தமும்தான். தறி நிற்கிற வெள்ளிக்கிழமை மத்தியானம் காது அடைத்துப்போகும். மூன்று வேளைச் சோற்றை ஒரே வேளையில் வடித்து வைத்துக்கொள்கிறேன். எனக்கு மனப்பாடமாக இருக்கிற ஊர்களை உட்கார்ந்து எண்ணுவேன். எந்த ஊர், எத்தனையாவது ராடு, யார் வீட்டில் சாப்பிட்டோம். யாரும் கேட்காததை மனசுக்குள் சரியாக வைத்திருப்பது, ஆள் வராத கடைக்குத் தினமும் விளக்கு வைப்பது மாதிரிதான்.

அப்படி இருந்தபோதுதான், இந்த வருஷம் நீ உன் ஆபீசில் வேலை செய்கிற நித்யாப் பொண்ணையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். கம்பெனியில் எல்லார் தலையிலும் இருப்பதை ஒரே இடத்தில் சேர்க்கிறோம், அதை வைத்துப் புது முறை ஒன்று கொண்டுவரப் போகிறோம் என்றாய். உதிரி அடுக்குக்குச் சற்று மேலே நிறுத்தி, ஹேமரை மாற்றி, அதோடு கூடவே உதிர்கிற கல்லைத் தடுக்கும் பைப்பும் இறங்குகிற மாதிரி செய்யப் போகிறோம், அதற்கு ஆழம் முன்னாலேயே தெரிய வேண்டும் என்றாய். நீ பேசப் பேச எனக்குச் சவரியின் கோடு போட்ட நோட்டு கண்ணில் வந்தது. சரி என்றேன். நீ கொண்டுவந்த, சட்னி தடவின தட்டுவடை செட்டை மூன்று பேரும் தின்றோம். அந்தப் பெண் பலகை மாதிரி ஒரு மெஷினில் ஒவ்வொரு பாட்டிலையும் படம் பிடித்துவிட்டுக் கேட்பாள். “இது எந்த ஊருங்கய்யா?” நான், “இது வெந்தயக் குழம்பு வெச்ச ஊரு கண்ணு. அந்தம்மா குழம்புல உப்புப் போட மறந்துட்டாங்க. குப்புசாமி நாலு தடவை வாங்கித் தின்னான்” என்பேன். அவள் சிரிப்பாள். நீ, “குழம்பெல்லாம் வேண்டாம்ப்பா, ஆழத்தை மட்டும் சொல்லு” என்பாய். ஆழம் எனக்குத் தனியாக வராது, சாமி. குழம்பைப் பிடித்து இழுத்தால்தான் பின்னால் ஆழம் வரும். அது அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. நீ பார்க்காதபோது குழம்பையும் எழுதிக்கொண்டாள்.

ஒரு ஞாயிறுக்கு இருபது பாட்டில். மொத்தம் நூற்று அறுபது. எண்ண எனக்குத் தெரியும். நாற்பது மிச்சம் இருந்தபோதே எனக்குக் கலக்கம் வந்துவிட்டது. ஞாபகம் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நீ கடிகாரத்தைப் பார்த்தாய். கடைசி ஞாயிறு, பெட்டியில் பதினோரு பாட்டில் இருந்தபோது, இவை முடிந்தால் நீ எதற்கு வரப்போகிறாய் என்று நினைத்தேன். பதினொன்றையும் மாற்றிச் சொன்னேன். சீக்கிரமே தப்பைக் கண்டுபிடிப்பார்கள், கிழவனுக்குக் குழம்பிவிட்டது என்று மறுபடி வருவார்கள், மறுபடி முதலிலிருந்து கேட்பார்கள், இதுதான் என் கணக்கு. நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. என்னை நம்பினீர்கள். நித்யா என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நீ வண்டியில் ஏறிக்கொண்டே, “நல்ல வேலை செஞ்சேப்பா” என்றாய். என் ஆயுசில் உன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே முதல் தடவை. அதற்கப்புறம் ஐந்து ஞாயிறு போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை நித்யா போன் செய்தாள். “ஐயா, உங்க பாட்டிலை வெச்சுத்தான் போதமலைல மொத டெஸ்ட்டு, திங்கக்கிழமை. பதினோராவது ராடு வரைக்கும் பயமில்லாம எறங்கலாம்னு போட்டிருக்கோம்” என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். நான் நல்லது கண்ணு என்று வைத்துவிட்டேன். பதினோராவது ராடில் உதிரி வருவது பரமத்திப் பாட்டில். அதுவும் பச்சை மூடிதான், ஆனால் வாயில் சில்லு போகாதது. அதைத்தான் போதமலை என்று சொல்லியிருந்தேன். உனக்கு மூன்று தடவை போன் போட்டேன். இரண்டு தடவை மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாய். மூன்றாவது தடவை நீயாகவே கேட்டாய், “என்னப்பா, ஏதாச்சும் வேணுமா?” என்று. நான் ஒன்றுமில்லை, கிணற்று மோட்டார் சத்தம் போடுகிறது என்றேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. வாய் வரைக்கும் வந்ததை அன்றைக்குச் சவரியிடம் எப்படி முழுங்கினேனோ அப்படியே உன்னிடமும் முழுங்கினேன். அதைத் தெரிந்துகொண்டபோதுதான் இன்று, வெள்ளிக்கிழமை காலையில், பஸ் ஏறினேன்.

இப்போது சரியானதை எழுதிக்கொள். வாயில் சில்லு போன பச்சை மூடிதான் போதமலை அடிவாரம். ஏழாவது நெல் மஞ்சள். ஏழாவது ராடுக்கு முன்னால், நூற்று இருபது அடியிலேயே நிறுத்திவிடு. அந்த ஊரில் எங்களுக்குக் கம்பங்களியும் கீரையும் போட்டார்கள்; கீரையில் மண் இருந்தது, பழனி அந்த அம்மாவிடம் சண்டைக்குப் போனான். மற்ற பத்துப் பாட்டிலையும் குழம்போடு தனித்தாளில் எழுதி இதனோடு வைத்திருக்கிறது. ஆனால் என் தாளை மட்டும் நம்பி வண்டியை அனுப்பாதே. முதலில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்து. பழைய போர் இருந்த இடத்தை நான் காலால் காட்டுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும், தப்பு செய்தவனுக்குத் தெரிகிற சில விஷயம் செய்யாதவனுக்குத் தெரியாது. உன் மெஷினில் தண்ணீர் வந்த போர் எல்லாம் பளபளவென்று இருப்பதைப் பார்த்தேன். வீணாகிப் போன போர் எத்தனை இருக்கிறது? உன் டிரில்லர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். மாட்டிக்கொண்டதை வந்து சொல்கிறவனை ஒரு தடவை முறைத்தாயானால், அதோடு எல்லா வாயும் மூடிக்கொள்ளும். புதுசாக ஒன்றைச் செய்ய நினைக்கிறவனுக்கு, முன்னால் எது ஆகவில்லை என்பதுதான் முதலில் வேண்டும். அது கிடைக்காததால்தான் சவரியின் யோசனை செத்தது. இன்னொன்று. ஒருவன் தனக்குத் தெரிந்ததைக் கொடுத்துவிட்டால் காலி பாட்டில் மாதிரி ஆகிவிடுவோமோ என்று பயப்படுவான். படித்தவனுக்கும் அந்தப் பயம் உண்டு, வெளியே தெரியாது, அவ்வளவுதான். நீ எழுதி வைப்பதில், சொன்னவன் பேரையும் சேர்த்து எழுது. எழுதி முடித்த பின்னாலும் அவனிடம் போய், நீ சொன்னது சரியாக இருந்ததா, இதை வைத்து இப்படிச் செய்தோம், இப்படி ஆனது என்று சொல். கேட்கப் போவதோடு நிறுத்தாதே, சொல்லவும் போ. நீ அப்படி ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்திருந்தாலே நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன். இது உன் மேல் போடுகிற பழி இல்லை. பொய் சொன்னது என் வாய்தான்.

இந்தக் கடிதத்தை நாளைக்குக் காலையில் நேராக உன் ஆபீசுக்கே கொண்டுவந்து நித்யா கையில் கொடுத்துவிட்டு, நான் சங்ககிரி பஸ்ஸைப் பிடிப்பேன். நீ வரும்வரை உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. கோபம் ஆறினால் வா. ஆறாவிட்டாலும், கோபத்தோடாவது வா.

கடைசியாகச் சொல்கிறேன் என்றேனே, அது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கேட்டுக் கேட்டு, கோவில் பின்பக்கச் சந்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவருக்கு என்னை யாரென்று தெரிய ஒரு நிமிஷம் ஆனது. நின்றபடியே சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன், எனக்குத் தெரிந்திருந்தது என்று. “தெரியும். அன்னிக்கே உன் மூஞ்சில பாத்தேன்” என்றார். அப்புறம் கதவை விட்டு விலகி வழி விட்டார். உன்னுடைய திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னேன். எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்துவந்து, பேனாவைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, “நீ சொல்லு, நான் எழுதறேன்” என்றார்.

அந்த வண்டியில் போன ஐந்து பேரில் குப்புசாமி லாரி விபத்தில் போனான். செல்லமுத்துவை மஞ்சள் காமாலை கொண்டுபோனது. பழனி போன பங்குனியில் தூக்கத்திலேயே போய்விட்டான். எனக்கு ஆள் சொல்லவே ஒரு வாரம் ஆனது. எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று தெரியாது. நான் போன பின்னால் ஒரு பாட்டிலில் சந்தேகம் வந்தால் மெஷினைக் கேட்காதே. நூற்று அறுபதையும் இன்று சாயங்காலம் வரைக்கும் நான் சொல்ல, தன் நோட்டில் தனியாக எழுதி வைத்துக்கொண்ட ஒருவர் சேலத்தில் இருக்கிறார். போய்க் கேள். அவர் பெயர் சவரிமுத்து.